கிரகணமும் கண்ணும் கமராவும்

நாள்தோறும் தலைக்கு மேலே சென்று மறையும் சூரியனை எவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. பார்க்க முயன்றாலும் கண் கூசும். இமை தானே மூடிக்கொள்ளும். ஆனால், அதே சூரியனை இருள் சிறிது கௌவிக்கொண்டது என்று கேள்வியுற்றதும், முற்றத்திலும் தெருவிலும் பாடசாலை மைதானத்திலும் நிற்பவர் அனைவரும் வானத்தை நோக்குகின்றனர். கையிலே கமரா இருப்பின், அக்காட்சியைப் படமாக்கிக்கொள்ள வேண்டும் என்ற ஆவலும் உடன் எழுகின்றது. முன்னொரு காலத்தில் ஊருக்கு ஒருவரோ இருவரோ கமரா வைத்திருந்தனர். இக்காலத்திலோ கைத்தொலைபேசி உடையவர் ஒவ்வொருவரிடமும் ஒரு கமரா உண்டு. ஆகவே, சூரிய கிரகணத்தைத் தீங்கின்றிப் படம்பிடிப்பது எவ்வாறு என்னும் கேள்வி படக்கலை வல்லாருக்கு மட்டும் உரியதன்று. பிள்ளைகளை உடைய ஒவ்வொரு வீட்டாருக்கும் அஃது உரியதாகும்.

இக்கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டிய நாளும் குறிக்கப்பட்டுள்ளது. 2031 ஆம் ஆண்டு மே மாதம் 21 ஆந் திகதி, புதன்கிழமை, கங்கண சூரிய கிரகணம் ஒன்று நிகழும். ஆபிரிக்காவைக் கடந்து, அரபிக் கடலின் மேலாக வந்து, கேரளத்தையும் மதுரைப் பகுதியையும் தழுவும் அதன் பாதை இலங்கையின் வடபகுதியூடாகவும் செல்லும். சூரியன் வளையமாகத் தோன்றுவது நண்பகல் கடந்த வேளையிலாகும். சந்திரன் சூரியனைச் சிறிது சிறிதாக மறைத்துக்கொண்டு வருவதோ முற்பகலிலேயே தொடங்கிவிடும். புதன்கிழமை முற்பகல், வழமையாகப் பிள்ளைகள் பாடசாலையில் இருக்கும் வேளை என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். 2010 ஆம் ஆண்டு சனவரி 15 ஆந் திகதியும், 2019 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆந் திகதியும் யாழ்ப்பாணத்து மக்கள் இத்தகைய வளையத்தைக் கண்டனர். மூன்றாம் முறையாக அது வரும்போது, அதனைக் காணும் கண்களுக்குக் கேடு வராமற் காப்பது எவ்வாறு என்பதே இங்குச் சிந்திக்கத்தக்கது.

கிரகணத்தைப் படம்பிடிக்கும் முயற்சி இந்நாட்டுக்குப் புதிதன்று. உலகிலே பூரண சூரிய கிரகணத்தின் முதலாவது தெளிவான படம் 1851 ஆம் ஆண்டு யூலை 28 ஆந் திகதி, அந்நாளிற் பிரசியாவைச் சேர்ந்திருந்த கூனிக்ஸ்பேர்க் நகரில் எடுக்கப்பட்டது. பேர்க்கோவ்ஸ்கி என்னும் படக்கலைஞர் வெள்ளி பூசிய செப்புத் தகட்டிலே, 84 செக்கன் ஒளிபடச் செய்து அப்படத்தை எடுத்தார். 1860 ஆம் ஆண்டு யூலை 18 ஆந் திகதி ஸ்பெயினில் வாரன் டி லா றூ, செக்கி என்னும் இருவர் வெவ்வேறு இடங்களில் நின்று படமெடுத்தனர். மறைபட்ட சூரியனின் விளிம்பிலே தோன்றும் செந்நிறச் சுவாலைகள் சந்திரனைச் சேர்ந்தவையல்ல, சூரியனைச் சேர்ந்தவையே என்னும் உண்மை அப்படங்களை ஒப்பிட்டதனால் உறுதிப்பட்டது.

அதன்பின், 1871 ஆம் ஆண்டு டிசெம்பர் 12 ஆந் திகதி நிகழ்ந்த பூரண கிரகணத்தின் பாதை தென்னிந்தியாவையும் இலங்கையின் வடபகுதியையும் கடந்தது. நோர்மன் லொக்யர் என்னும் ஆங்கிலேய வானியலறிஞரின் தலைமையில் வந்த குழுவினர் மலையாளக் கரையில் உள்ள பேக்கலிலும், புதுக்கோட்டையிலும், யாழ்ப்பாணத்திலும், திருகோணமலையிலும் பிரிந்து நின்று ஆராய்ந்தனர். யாழ்ப்பாணத்திலே கப்டன் ஹொக் என்பவர் சூரியனைச் சூழ்ந்த ஒளிமுடியைப் படம்பிடித்தார். அக்காலத்தில் ஈரத் தகடுகளே வழக்கில் இருந்தன. மருந்து பூசிய தகடு காய்வதற்கு முன்னரே அதனைக் கமராவில் வைத்து, ஒளிபடச் செய்து, கழுவி முடிக்க வேண்டும். வானம் முற்றாக இருண்டிருக்கும் மிகச் சில நிமிடங்களுக்காகத் திங்கட் கணக்கில் ஆயத்தம் நடைபெற்றது.

ஆயத்தத்தின் சிறப்பை 1919 ஆம் ஆண்டு மே 29 ஆந் திகதிக் கிரகணமும் காட்டிற்று. சூரியனை அடுத்துச் செல்லும் விண்மீன் ஒளி வளையும் என்னும் ஐன்ஸ்ரைனின் கொள்கையைச் சோதிக்கவென அன்று படங்கள் எடுக்கப்பட்டன. பிரேசில் நாட்டின் சொப்றால் என்னும் ஊரிலே பெரிய கருவியின் படங்கள் தெளிவிழந்தன. வெயிலின் வெப்பம் அதன் ஆடியைத் தாக்கியதே காரணம் என்று கருதப்பட்டது. துணையாகக் கொண்டு சென்ற சிறிய தொலைகாட்டியின் படங்களே கைகொடுத்தன. 1955 ஆம் ஆண்டு யூன் 20 ஆந் திகதி இலங்கையின் ஊடே பூரண கிரகணம் சென்றபோதும் வெளிநாட்டு அறிஞர் பலர் கருவிகளுடன் வந்து காத்திருந்தனர். ஆயினும் அன்று முகில் மறைத்தமையால் அவர்களுட் பலர் ஏமாற்றத்துடன் திரும்பினர்.

இங்குக் கூறப்பட்டவை யாவும் பூரண கிரகணங்கள் என்பதைக் கவனித்தல் வேண்டும். சந்திரன் பூமியைச் சுற்றும் பாதை முழு வட்டமன்று. அது பூமிக்கு அணித்தாக வரும் காலத்திலே பெரிதாகத் தோன்றிச் சூரியனை முற்றாக மறைத்துவிடும். சேய்மையில் நிற்கும் காலத்திலோ சிறிதாகத் தோன்றுவதனால், நடுவை மறைத்து விளிம்பை விட்டுவிடும். அவ்விளிம்பு ஒளி வளையமாக, கையில் அணியும் கங்கணம் போலத் தோன்றுகின்றது. பூரண கிரகணத்திலே சூரியன் முற்றாக மறைந்த அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும் அதனை வெறுங் கண்ணாற் பார்க்கலாம். தடையின்றிப் படமும் எடுக்கலாம். கங்கண கிரகணத்திலே அத்தகைய நிமிடம் ஒன்றேனும் இல்லை. தொடக்கம் முதல் முடிவு வரை சூரியனின் ஒரு பகுதி வெளியே நின்று எரிந்துகொண்டிருக்கின்றது. பூரண கிரகணத்துக்கு உரிய விதியை எங்கோ படித்துவிட்டு, வளையம் தோன்றிய கணத்திலே காப்பை நீக்குபவர் தமது கண்ணையே விலையாகக் கொடுக்க நேரிடும்.

கிரகணத்தின்போது சூரியனிலிருந்து நச்சுக் கதிர்கள் வெளிப்படுகின்றன என்று எண்ணுவோர் இன்றும் உளர். அவ்வெண்ணத்தினால் பிள்ளைகளை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவோரும் உளர். உண்மை வேறு. கிரகண நாளில் வரும் கதிர்கள் மற்றை நாள்களில் வரும் கதிர்களே. புதிதாக எதுவும் அவற்றிற் சேர்வதில்லை. சந்திரன் ஒரு திரையாக இடையிலே நிற்கின்றது, அவ்வளவே. அவ்வாறாயின் ஆபத்து எங்கே உள்ளது? மறைபடாது எஞ்சி நிற்கும் துண்டிலே உள்ளது. சூரியத் தட்டிற் பெரும் பகுதி மறைந்தாலும், மறையாத துண்டின் ஒவ்வொரு புள்ளியும் உச்சிப் பொழுதில் எவ்வாறு ஒளிருமோ அவ்வாறே ஒளிர்கின்றது. அடுப்பில் எரியும் பத்து விறகில் ஒன்பதை இழுத்துவிட்டால் அறையின் சூடு தணியும். எஞ்சிய கொள்ளியைத் தொட்டவர் விரல் சுடாமல் விடுவதில்லை.

முழுச் சூரியன் முழுமதியைக் காட்டிலும் ஏறக்குறைய 4 இலட்சம் மடங்கு ஒளியுடையது. 2031 ஆம் ஆண்டுக் கிரகணத்தில் சூரியத் தட்டின் பரப்பில் ஏறக்குறைய நூற்றுக்கு 92 பங்கு மறைபடும். எஞ்சும் 8 பங்கின் ஒளி மட்டுமே ஏறக்குறைய 32,000 முழுமதிகளின் ஒளிக்கு ஈடாகும். ஆனாற் சுற்றுப்புறம் மங்கியிருப்பதனால் கண் ஏமாந்துபோகின்றது. கண்மணி விரிகின்றது, கூச்சம் குறைகின்றது, ஒரு கணத்தில் விலக வேண்டிய பார்வை பல கணங்கள் நிலைத்து நிற்கின்றது. விழியின் வில்லை அவ்வொளியைத் திரட்டி விழித்திரையின் நடுவிடத்திலே குவிக்கின்றது. வாசிப்பதற்கும் முகமறிவதற்கும் பயன்படும் நுண்ணிய பார்வை அந்நடுவிடத்துக்கே உரியது. அங்கே நோவை உணரும் நரம்புகள் இல்லை. ஆகவே, கெடுதல் நிகழும்போது வலி தோன்றுவதில்லை. சில மணி நேரம் சென்ற பின்னரே, பார்க்கும் பொருளின் நடுவில் ஒரு கறை நிற்பது தெரியவரும். சிலருக்கு அது நாளடைவிற் குறையலாம்; சிலருக்கு வாழ்நாள் முழுவதும் நீங்காதிருக்கலாம்.

ஐசாக் நியூற்றன் தமது இளமைக் காலத்தில், கண்ணாடியிலே தெறித்த சூரியனை ஒரு சோதனையாக உற்றுப் பார்த்தார். அதன் பயனாக எங்கு நோக்கினும் சூரிய வடிவமே அவர் கண்முன் நின்றது. சில நாள்கள் இருட்டறையில் அடைந்து கிடந்த பின்னரே அவருக்கு ஓரளவு பார்வை தெளிந்தது. நேரே பார்க்காமல் கண்ணாடியிற் பார்த்தாற் குற்றமில்லை என்று எண்ணுவோருக்கு இதுவொன்றே போதும்.

கண்ணுக்கே இவ்வாறாயின், கமராவை இடையில் வைத்தவருக்கு நேர்வது யாது? பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் கடதாசியை எரிய வைக்கும் விளையாட்டைப் பிள்ளைகள் பலர் அறிவர். கமராவின் வில்லையும் அந்தப் பூதக்கண்ணாடிக்கு உறவினதே. வெயிலிலே கண்மணி 2 மில்லிமீற்றர் அகலமாகச் சுருங்கியிருப்பதாகக் கொள்வோமாயின், 50 மில்லிமீற்றர் அகலமுடைய ஒரு வில்லை அதனைப்போல் 625 மடங்கு ஒளியைத் திரட்டுகின்றது. அத்தகைய வில்லையினூடே, ஆடி பொருத்திய கமராவின் பார்வைத் துளையிற் கண்ணை வைத்துச் சூரியனை நோக்குவது வெறுங் கண்ணால் நோக்குவதிலும் பன்மடங்கு கொடியது. பார்வைத் துளைக்குப் பதிலாகத் திரையைக் கொண்ட கமராவிலே கண் தப்பினாலும், உள்ளிருக்கும் ஒளியுணர் தகடு கருகக்கூடும். கைத்தொலைபேசியின் வில்லை சிறியது. ஆயினும் அதனை உயர்த்திப் பிடிப்பவர் சூரியன் எங்கே என்று திரைக்கு மேலாகப் பலமுறை எட்டிப் பார்க்கின்றார். தீங்கு அவ்வழியாக வருகின்றது.

ஆதலால், முதலாவது விதி இதுவாகும்: ஒளியைத் தணிக்கும் வடி, வில்லைக்கு முன்னால், சூரியனை நோக்கிய பக்கத்திலே இருத்தல் வேண்டும். கண் வைக்கும் இடத்திலோ, வில்லைக்குப் பின்னாலோ வைக்கப்படும் வடி பயனற்றது. குவிந்த ஒளியின் சூட்டினால் அது வெடிக்கவோ உருகவோ கூடும். கிரகணம் பார்ப்பதற்கென விற்கப்படும் கடதாசிக் கண்ணாடியை அணிந்துகொண்டு கமராவின் பார்வைத் துளையிலோ இருகண் தொலைகாட்டியிலோ பார்ப்பதும் இதே காரணத்தாற் கேடு விளைக்கும். அக்கண்ணாடி வெறுங் கண்ணுக்கு மட்டும் ஆக்கப்பட்டது.

இரண்டாவது விதி, வடி தக்கதாய் இருத்தல் வேண்டும் என்பது. கண்ணாற் பார்ப்பதற்கும் உதவும் சூரிய வடி, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஏறக்குறைய ஓர் இலட்சத்தில் ஒரு பங்கையே உள்ளே விடும். ஊதாக் கடந்த கதிர்களையும், கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்களையும் அது தடுத்தல் வேண்டும். கண்ணில் அணிவனவற்றுக்கு ஐ.எஸ்.ஓ. 12312-2 என்னும் சர்வதேச நியமம் உண்டு. வெல்டிங் செய்வோர் பயன்படுத்தும் கண்ணாடிகளுள் 14 ஆம் இலக்கத்தது வெறுங் கண்ணாற் பார்ப்பதற்கு ஏற்றது. இலக்கம் குறைந்த சாதாரண வெல்டிங் கண்ணாடிகளை நம்பலாகாது. படக்கலைஞர் வழமையாகப் பயன்படுத்தும் கரிய வடிகள், ஒளியை ஆயிரத்தில் ஒன்றாகக் குறைப்பவையாயினும், இப்பணிக்குப் போதா.

வீடுகளில் வழங்கிவரும் காப்புகளும் ஆராயத்தக்கவை. புகை பிடித்த கண்ணாடி, பழைய எக்ஸ்ரே படம், கழுவிய வர்ணப் பிலிம், வெயிற் கண்ணாடி ஆகியவை கூச்சத்தைக் குறைக்கின்றன; ஆனால் வெப்பக் கதிர்களைத் தக்கவாறு தடுப்பதில்லை. கூச்சம் குறைந்தமையால் மனிதர் அச்சமின்றி நெடுநேரம் பார்க்கின்றனர். காப்பு என்று நம்பியதே தீங்குக்கு வாயிலாகின்றது. பாத்திரத்து நீரில் மஞ்சளைக் கரைத்து அதிற் சூரியனைப் பார்க்கும் வழக்கமும் உண்டு. உச்சிச் சூரியனின் ஒளியில் நீர்ப்பரப்பு ஏறக்குறைய 50 இல் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகின்றது. ஓர் இலட்சத்தில் ஒன்று என்னும் அளவு எங்கே, 50 இல் ஒன்று எங்கே? மஞ்சள் நீருக்குள்ளே கலக்கின்றது. ஒளியோ மேற்பரப்பிலேயே தெறித்துவிடுகின்றது. முன்னோர் நேரே பார்க்கக் கூடாது என்று கருதியது சரியே. அவர்கள் தேடிய காப்பு மட்டும் போதாதது.

தக்க வடியைப் பெற்றவர் செய்ய வேண்டியவை அரியனவல்ல. கிரகணத்துக்கு முன்னரே வடியை விளக்கொளிக்கு எதிரே பிடித்து, துளையோ கீறலோ உண்டா என்று பார்த்தல் வேண்டும். இருப்பின் எறிந்துவிடல் வேண்டும். காற்று தட்டி வீழ்த்தாதபடி வடியை வில்லையின் முன்புறத்தில் ஒட்டுநாடாவால் இறுகப் பொருத்துதல் நன்று. கமராவை முக்காலியில் நிறுத்தி, கைபடாமல் இயக்கும் விசையையோ தாமத விசையையோ பயன்படுத்தினாற் படம் அசையாது. வடி பொருத்திய பின்னரே கமராவைச் சூரியன் பக்கம் திருப்புதல் வேண்டும். வேறு பக்கம் திருப்பிய பின்னரே வடியைக் கழற்றுதல் வேண்டும். குவியத்தைக் கையாற் சரிசெய்து, சூரியனின் விளிம்பு கூராகத் தெரியுமாறு அமைத்து, ஒரே காட்சியைப் பல ஒளியளவுகளில் எடுத்தல் தகும். இவையெல்லாவற்றையும் முதல் நாள் அதே வேளையில், மறைபடாத சூரியனை வைத்துப் பழகிப் பார்ப்பவர் கிரகண நாளில் தடுமாறுவதில்லை.

படம் எவ்வளவு பெரிதாக அமையும் என்பதையும் முன்னரே கணக்கிடலாம். வில்லையின் குவியத்தூரத்தை 109 ஆற் பிரித்தாற் கிடைப்பதே கமராவினுள் விழும் சூரிய வடிவத்தின் அகலம். குவியத்தூரம் 500 மில்லிமீற்றராயின் வடிவம் 4.6 மில்லிமீற்றர். சாதாரணமான 50 மில்லிமீற்றர் வில்லையில் அஃது அரை மில்லிமீற்றருக்கும் குறைந்த ஒரு புள்ளியாகவே விழும். இவ்வுண்மையை அறிந்தவர், சிறிய கமராவையோ கைத்தொலைபேசியையோ சூரியனுக்கு நேரே நீட்டிக் கண்ணைப் பணயம் வைப்பதிற் பயனில்லை என்பதையும் உணர்வர்.

அவ்வாறாயின், விலையுயர்ந்த கருவி இல்லாத பிள்ளை வெறுங்கையுடன் நிற்க வேண்டியதுதானா? அன்று. அதற்குரிய படம் வானத்தில் அல்ல, நிலத்திலே காத்திருக்கின்றது. சிறிய துளையினூடே வரும் வெயில், தக்க தூரத்தில், துளையின் வடிவத்தைக் காட்டாமற் சூரியனின் வடிவத்தையே காட்டும். கிரகண வேளையில் வேம்பின் இலைகளிடையே நுழையும் வெயில் நிலத்திலே பல நூறு பிறைகளாக விழும். கிடுகு வேலியின் துவாரங்களும் அவ்வாறே செய்யும். வளையம் தோன்றும் நிமிடங்களில் அப்பிறைகள் யாவும் கங்கணங்களாக மாறும். அடுக்களையில் உள்ள அரிதட்டையோ இடியப்ப உரலையோ வெயிலிற் பிடித்தாலும், கீழே விரித்த வெள்ளைத் துணியில் வரிசை வரிசையாக வளையங்கள் தோன்றும். அட்டையில் ஊசியாற் குத்திய துளைக்கும் தாளுக்கும் இடையே 1 மீற்றர் தூரம் இருப்பின், வடிவம் ஏறக்குறைய 9 மில்லிமீற்றர் அகலமாக அமையும்; 2 மீற்றராயின் 18 மில்லிமீற்றர். இவற்றைப் படம்பிடிப்பவர் சூரியனுக்கு முதுகு காட்டி நிற்கின்றார். எந்தக் கமராவும் இதற்குப் போதும். எந்தக் கண்ணுக்கும் இதனால் தீங்கில்லை. துளையினூடே சூரியனைப் பார்க்கக் கூடாது, துளை விழுத்தும் வடிவத்தையே பார்க்க வேண்டும் என்பது ஒன்றே இதிற் சொல்லிக்கொடுக்க வேண்டியது.

பாடசாலைக்கு இன்னுமோர் எளிய வழியுண்டு. முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைத் தாளால் மூடி, அத்தாளில் அரை அங்குலத்துக்குக் குறைந்த துளையொன்று வெட்டி, வெளியே வெயிலில் வைத்து, தெறிக்கும் ஒளியை இருண்ட வகுப்பறையின் சுவரிலே விழச் செய்தல் வேண்டும். 10 மீற்றர் தூரத்தில் அச்சூரிய வடிவம் ஏறக்குறைய 9 சென்ரிமீற்றர் அகலமாகத் தெரியும். வகுப்பு முழுவதும் ஒன்றாக இருந்து கிரகணத்தின் வளர்ச்சியையும் தேய்வையும் காணலாம். கால் மணிக்கு ஒரு படமாக எடுத்து ஒட்டிவைக்கலாம். கண்ணாடியின் அருகே ஆசிரியர் ஒருவர் நின்று, பிள்ளைகள் அதனுள் எட்டிப் பார்க்காதவாறு காத்தல் இன்றியமையாதது.

கிரகணம் நிகழும் கணத்தை நூற்றாண்டுகளுக்கு முன்னரே கணித்துக் கூற வல்லவன் மனிதன். ஆயின் அக்கணத்தில் ஒரு சிறுவன் எங்கே பார்ப்பான் என்பதை எந்தக் கணிதமும் கூறாது. அதனை அவனுக்கு முன்னரே கற்பித்தல் வேண்டும். கதவைச் சாத்தி அடைத்து வைப்பதும் கற்பித்தல் ஆகாது. காப்பின்றி வெளியே விடுவதும் கற்பித்தல் ஆகாது. ஆபத்து கிரகணத்தில் இல்லை, மறைபடாத சூரியனிலே உள்ளது என்னும் ஒன்றை விளங்கிக்கொண்ட பிள்ளை மற்றை விதிகளைத் தானே கண்டுகொள்ளும். சூரியனின் பெரும் படங்களை வானியல் நிலையங்கள் எடுத்துக்கொள்ளட்டும். ஒரு பாடசாலையின் மணல் முற்றத்திலே, வேம்பு நிழலிலே, மாணவரின் வெள்ளைச் சட்டைகளின் மேல் ஒளிக் கங்கணங்கள் விழுந்து கிடந்த படத்தை எந்த வானியல் நிலையமும் எடுக்கப்போவதில்லை. அதனை எடுக்க வல்லவர்கள் அங்கே நிற்கும் பிள்ளைகளே. பல ஆண்டுகள் கழித்து அப்படத்தை எடுத்து நோக்கும்போது, அதிலுள்ள முகங்களை அடையாளங் காணும் தெளிந்த பார்வை அவர்களுக்கு இருத்தல் வேண்டும். அதற்கு வேண்டிய ஆயத்தம் பெரியோர் கையிலே இருக்கின்றது.